தொண்ணூற்றேழாவது கஜம்

பள்ளிக்கூட கேட்டிலிருந்து அளவு நாடாவை இழுத்துக்கொண்டு
வந்துவிட்டார்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்.
முன்னால் ரிஸ்மியா, கையில் மஞ்சள் பெயின்ட் டப்பா.
நாடாவின் மறுமுனையில் கார்மேகம் சார்.
நூறு கஜம் முடிகிற இடத்தில் கோடு போடவேண்டுமாம்,
அதற்குள் புகையிலை விற்கக் கூடாதாம்.

நூறு என் கடையின் வயிற்றுக்குள் விழுந்தது.
மிட்டாய் ஜாடி, பேனா ரீஃபில், சோப்பு எல்லாம் இந்தப் பக்கம்.
உப்பு மூட்டையும் அதற்குப் பின்னால் இருப்பதும் அந்தப் பக்கம்.
"வாசல் தொண்ணூத்தேழுல இருக்கு அக்கா" என்றாள்.
"மூட்டை நூத்தியொண்ணுல இருக்கு, அளந்து பாரு" என்றேன்.
எங்கேயுமே விற்கக் கூடாத சரக்கு அது.
அவளுக்கும் தெரியும், சொல்லவில்லை.
ஒருத்தன் மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டான்:
நூற்றியொன்று.

உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் வைக்கிற
சின்னப் பொட்டலம். புதினா வாசம்.
முதலில் கேட்டவர்கள்
ராத்திரி வலை இழுக்கத் தூக்கத்தை விரட்டியவர்கள்.
பிறகு ஐஸ் கம்பெனிப் பையன்கள்.
பிறகு, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு
பள்ளிக்கூடக் கால்சட்டையோடு வந்தவர்கள்.

ஜெர்சன் வந்தது தடைக்காலத்தில்.
தெற்குவாடியில் படகுகள் சும்மா ஆடிக்கொண்டிருந்தன.
"அப்பாவுக்கு" என்றான்.
அப்பா அந்த மாதம் நீண்டகரைக்குக் கூலிக்குப் போயிருந்தார்.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.
சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

போன வருஷமும் கூட்டம் நடந்தது.
இன்ஸ்பெக்டர் வந்து கருத்த நுரையீரல் படம் காட்டினார்.
கை நீட்டி உறுதிமொழி சொன்னார்கள்,
சத்தம் கடை வரை கேட்டது.
மணி அடித்து விட்ட பிறகு
அன்றைக்கு எனக்கு வியாபாரம் கூடுதல்.

இந்த முறை கணக்கோடு வந்தார்கள்.
"மூட்டைக்குப் பின்னால இருக்குறத நிறுத்தினா
ஒரு நாளைக்கு உங்களுக்கு எவ்வளவு போகும்?"
இதை இதுவரை யாரும் கேட்டதில்லை.
முந்நூறு என்றேன். இருநூற்று எண்பதுதான்.
பாசி எடுக்கிற பெண்கள் குழுவில் பேசி
சாயங்கால வகுப்புக்கு நாற்பது பொட்டலம் சுண்டல்
என்னிடம் வாங்குவதாக முடிவானது.
அதில் நூற்றி அறுபது தேறும்.
மீதி நஷ்டம். நஷ்டம் என்றேதான் எழுதியிருக்கிறான்
அந்தப் பையன், சிவப்பு மையில்.

ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருட்டு மூலையில்
பஞ்சாயத்து ஒரு விளக்கு போட்டது.
மூன்றாம் நாள் யாரோ கல்லெறிந்தார்கள்.
மறுபடி போட்டார்கள்.
மறுபடி கல்.
இப்போது அதன் கீழே கிழிந்த வலையைக் கட்டி
பந்து தட்டுகிறார்கள்,
கல்லெறிந்தவனும் இருக்கலாம் அதில்.

மூட்டையைக் காலி செய்த அன்றைக்கு
ரிஸ்மியாவைக் கூப்பிட்டேன்.
"கோட்டைப் பின்சுவத்துக்கு அங்கிட்டுப் போடு."
"அது நூத்திநாலு வரும் அக்கா. சார் திட்டுவார்."
"வரட்டும்."

ஜெர்சன் மூன்று வாரம் இந்தப் பக்கம் வரவில்லை.
அக்காள்மடம் பக்கம் இன்னும் கிடைக்கிறது.
புதன்கிழமை நர்ஸம்மா உட்காருகிற அறை வாசலில்
அவன் செருப்பு மாதிரி ஒன்றைப் பார்த்ததாக
அவன் அம்மா சொன்னாள், முழங்கால்வரை நனைந்த சேலையோடு.
மாதிரிதான்.

நேற்று வந்தான்.
உப்பு மூட்டை இருந்த இடத்தைப் பார்த்தான்.
அங்கே இப்போது தண்ணீர்க் கேன்.
கீழுதட்டை நாக்கால் துழாவிக்கொண்டே
"ரெண்டு சுண்டல்" என்றான். "ஒண்ணு அப்பாவுக்கு."

அப்பா நீண்டகரையிலிருந்து இன்னும் வரவில்லை.
வெளியே கச்சான் காற்று
மஞ்சள் கோட்டின்மேல் மணலை ஏற்றிக்கொண்டிருந்தது.
சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.